'பீப்' கேட்டாத்தான் மருந்து!

சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டர்ல பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினதும் 'பீப்'னு ஒரு சத்தம் வருமே... அந்தச் சத்தத்துக்கு என்ன மதிப்பு? பத்து ரூபாய் பிஸ்கட்னா பத்து ரூபாய், அவ்வளவுதான். அதே 'பீப்' ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல கேட்டா? சில சமயம் அதோட மதிப்பு ஒரு உயிர்!

கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கும் உயிருக்கும் என்னங்க சம்பந்தம்னு கேக்கறீங்களா? வாங்க, ஒரு ஹாலிவுட் ஹீரோ வீட்டுல இருந்தே ஆரம்பிப்போம்.

ரெண்டும் நீலம்... வித்தியாசம் ஆயிரம் மடங்கு!

'தி டே ஆஃப்டர் டுமாரோ' படம் பார்த்திருப்பீங்க. உலகமே பனியில உறைஞ்சுபோக, மகனைத் தேடி நடந்தே போவாரே அந்த அப்பா... அவர்தான் டென்னிஸ் குவைட். 2007 நவம்பர்ல அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தாங்க. பிறந்து ரெண்டு வாரம்கூட ஆகலை, நோய்த்தொற்றுக்காக லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிற சீடர்ஸ் சினாய் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. குட்டிக் கையில ஊசி போட்டு டிரிப்ஸ் ஏத்தும்போது அந்தக் குழாய்ல ரத்தம் உறையாம இருக்க 'ஹெப்பாரின்'ங்கிற மருந்தைக் கொஞ்சூண்டு விட்டுக் கழுவுவாங்க. குழந்தைகளுக்குன்னா ஒரு மில்லிக்கு 10 யூனிட் இருக்கிற பாட்டில். ஆனா அன்னிக்கு அந்த ரெண்டு குழந்தைகளுக்கும் போனது ஒரு மில்லிக்கு 10,000 யூனிட் இருக்கிற பாட்டில்! ஆயிரம் மடங்கு. அதுவும் ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை.

ரத்தம் தண்ணி மாதிரி ஆகி உறையவே மாட்டேங்குது. நல்லவேளை, மாற்று மருந்து கொடுத்து ரெண்டு பேரையும் காப்பாத்திட்டாங்க. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2006 செப்டம்பர்ல, இண்டியானாபொலிஸ் நகரத்துல இதே மருந்து, இதே குழப்பம். ஆறு குழந்தைகளுக்குத் தப்பான அளவு போச்சு. அதுல மூணு குழந்தைகள் இறந்துட்டாங்க.

காரணம் கேட்டா மனசு ஆறாது. ரெண்டு பாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். ரெண்டு லேபிள்லயும் நீலம். வித்தியாசம் மூணு பூஜ்யம் மட்டும். ராத்திரி டியூட்டியில, பத்துப் பேஷன்ட்டை ஒரே ஆள் பார்த்துக்கிட்டு ஓடும்போது, எப்பவும் குழந்தைங்க பாட்டில் இருக்கிற டிராயர்ல கை விட்டா எப்பவும் வர்ற பாட்டில்தான் வரும்னு மூளை நம்பிடும். லேபிளைக் கண்ணு பார்க்கும், ஆனா மூளை 'படிக்காது'. எக்ஸாம் ஹால்ல கேள்வியை நாலு தடவை படிச்சும் 'நாட்'ங்கிற வார்த்தையைக் கோட்டை விட்டுட்டு வந்து வெளியில தலையில அடிச்சுக்குவோமே, அதே மேட்டர்தான்! நமக்குப் போறது ரெண்டு மார்க். அங்கே போறது?

கடைசி ஓர் அடிதான் ஆபத்து

ஒரு மாத்திரை டாக்டர் பேனாவுல இருந்து நோயாளி வாய்க்குப் போக நாலு ஸ்டேஷன் தாண்டணும். டாக்டர் எழுதறது, அதைச் சார்ட்ல பிரதி எடுக்கிறது, மருந்தகத்துல எடுத்துக் கொடுக்கிறது, கடைசியா நர்ஸ் நோயாளிக்குக் கொடுக்கிறது. எந்த ஸ்டேஷன்ல தப்பு அதிகம்?

1995-ல டாக்டர் டேவிட் பேட்ஸ் குழுவினர் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரிகள்ல இதை ஆராய்ஞ்சு பார்த்தாங்க. தவிர்த்திருக்கக் கூடிய பாதிப்புகளுக்குக் காரணமான தப்புகள்ல 56 சதவீதம் மருந்து எழுதும்போது. 34 சதவீதம் நோயாளிக்குக் கொடுக்கும்போது. மிச்சம் 10 சதவீதம்தான் நடுவுல இருக்கிற ரெண்டு ஸ்டேஷன்லயும்.

இங்கேதான் ட்விஸ்ட். எழுதும்போது நடந்த தப்புகள்ல 48 சதவீதத்தை யாராவது ஒருத்தர் நடுவுல கண்டுபிடிச்சுத் தடுத்துட்டாங்க. மருந்துக் கடைக்காரர் 'என்ன சார் இது?'னு போன் பண்ணியிருப்பார், நர்ஸ் சந்தேகப்பட்டிருப்பாங்க. ஆனா கடைசி ஸ்டேஷன்ல, நர்ஸ் கையில நடந்த தப்புல எத்தனை தடுக்கப்பட்டுச்சு? பூஜ்யம்! ஏன்னா அவங்களுக்குப் பின்னாடி செக் பண்ண ஆளே கிடையாது. கோல்கீப்பரைத் தாண்டினா கோல்தான்.

1999-ல அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 'தவறுவது மனித இயல்பு'ங்கிற அர்த்தத்துல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. மருத்துவத் தவறுகளால அந்த நாட்டு ஆஸ்பத்திரிகள்ல வருஷத்துக்கு 44,000-த்துல இருந்து 98,000 பேர் வரை சாகறாங்கன்னு மதிப்பிட்டாங்க. நாடே ஆடிப்போச்சு. அந்த அறிக்கை யாரையும் திட்டலை. 'இன்னும் கவனமா இருங்க'ன்னு அட்வைஸ் பண்றதால இது குறையாது, தப்பு செய்யவே கஷ்டமா இருக்கிற மாதிரி ஏற்பாட்டை மாத்துங்கன்னுதான் சொல்லிச்சு.

மணல்ல போட்ட நாலு கோடு

சரி, பார்கோடு எங்கே இருந்து வந்துச்சு? இது பக்கா கேம்பஸ் கதை!

1948. பிலடெல்பியாவுல டிரெக்சல் கல்லூரி. ஒரு மளிகைக் கடை நிறுவனத்தோட தலைவர் டீனைப் பார்க்க வந்து, 'பில் போடும்போது பொருளோட விவரத்தைத் தானா படிக்கிற மாதிரி ஏதாவது கண்டுபிடிச்சுக் கொடுங்களேன்'னு கேக்கறார். டீனுக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்லை. ஆனா அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர்ங்கிற முதுகலை மாணவர் காதுல விழுந்துடுச்சு. ஓடிப்போய் நண்பர் ஜோசப் உட்லேண்ட்கிட்ட சொல்றார். உட்லேண்ட் கல்லூரி வேலையையே விட்டுட்டு மயாமி கடற்கரையில இருக்கிற தாத்தா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசிக்கிறார்.

அவருக்குத் தெரிஞ்ச ஒரே சங்கேத பாஷை, சாரணர் படையில கத்துக்கிட்ட மோர்ஸ். புள்ளியும் கோடும். ஒரு நாள் பீச் மணல்ல நாலு விரலை ஊன்றி அப்படியே இழுத்திருக்கார். புள்ளிகள் நீண்டு கோடா வந்துச்சு. சிலது மெல்லிசு, சிலது தடிமன்... அட! 1949-ல பேடன்ட்டுக்கு விண்ணப்பிச்சாங்க, 1952-ல கிடைச்சது.

அப்புறம்? இருபது வருஷத்துக்கு மேல ஒண்ணும் நடக்கலை! கோட்டைப் படிக்க நல்ல லேசர் வேணும், சின்ன கம்ப்யூட்டர் வேணும். ரெண்டும் அப்போ கிடையாது. கடைசியில 1974 ஜூன் 26 அன்னிக்கு, ஓஹியோ மாநிலத்துல டிராய்ங்கிற சின்ன ஊர்ல, ஒரு சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டர்ல முதல் 'பீப்' கேட்டுச்சு. பொருள், ரிக்லீஸ் சூயிங்கம் பாக்கெட். விலை 67 சென்ட். சில்வர் அதைப் பார்க்க இல்லை, 1963-லேயே இறந்துட்டார்.

கார் திருப்பிக் கொடுக்கப் போன நர்ஸ்

சூயிங்கத்துக்கு வந்த 'பீப்' ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் இருபது வருஷம் ஆச்சு. கொண்டு வந்தது எந்த ஐ.டி. கம்பெனியும் இல்லை, ஒரு நர்ஸ்.

கன்சாஸ் மாநிலம் டொபீகாவுல, முன்னாள் ராணுவ வீரர்களுக்கான அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்க ஸூ கின்னிக். 1992-ல ஒரு பயணத்துல, வாடகைக்கு எடுத்த காரைத் திருப்பிக் கொடுக்கறாங்க. அங்கே இருந்த பணியாளர் கையடக்க ஸ்கேனரைக் காருக்கு நேரா நீட்டி 'பீப்'. அடுத்த நிமிஷம் பில் ரெடி. கின்னிக்குக்குள்ள பொறி தட்டுச்சு. 'ஒரு வாடகைக் கார் யாருக்குப் போச்சுன்னு இவ்வளவு கரெக்டா தெரியுதே... ஒரு ஊசி யாருக்குப் போச்சுன்னு ஏன் தெரியக்கூடாது?'

ஊருக்கு வந்து சக ஊழியர்கள்கிட்ட சொன்னாங்க. அதே ஆஸ்பத்திரியில சோதனை ஆரம்பிச்சது. 1993-ஓட ஒப்பிட்டா 2001-ல அங்கே பதிவான மருந்துத் தவறுகள் சுமார் 86 சதவீதம் குறைஞ்சிருந்தது. 1999-ல இருந்து அமெரிக்கா முழுக்க இருக்கிற முன்னாள் ராணுவ வீரர் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் இந்த முறை போச்சு. கவனிச்சீங்களா? பணக்காரங்க போற கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளுக்கு முன்னாடியே அரசாங்க ஆஸ்பத்திரி முந்திக்கிச்சு!

எப்படி வேலை செய்யுது?

சிம்பிள். நோயாளி அட்மிட் ஆனதும் மணிக்கட்டுல பார்கோடு பட்டை கட்டிடுவாங்க. ஒவ்வொரு மாத்திரையும் ஊசி மருந்தும் தனித்தனி டோஸா, தனித்தனி பார்கோடோட வரும். நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து தன்னோட அடையாள அட்டையை வெச்சு லாகின் பண்ணுவாங்க. நோயாளி பட்டையில ஒரு 'பீப்'. மருந்துல ஒரு 'பீப்'.

அந்த ஒரு நொடியில கம்ப்யூட்டர் அஞ்சு கேள்வி கேக்குது. சரியான ஆளா? சரியான மருந்தா? சரியான அளவா? சரியான வழியா, அதாவது வாய் வழியா நரம்பு வழியா? சரியான நேரமா? அஞ்சும் ஓகேன்னா கொடுக்கலாம். ஒண்ணு இடிச்சாலும் திரையில எச்சரிக்கை. நர்சிங் படிக்கிறவங்க முதல் வருஷத்துலேயே மனப்பாடம் பண்ற அதே அஞ்சு கேள்விதான். வித்தியாசம் என்னன்னா, கம்ப்யூட்டருக்கு ராத்திரி மூணு மணிக்குத் தூக்கம் வராது.

பலன் இருக்கா? பாஸ்டன்ல பிரிகம் ஆஸ்பத்திரியில பெரிய ஆய்வே பண்ணி 2010-ல வெளியிட்டாங்க. நர்ஸ் மருந்து கொடுக்கறதை 14,041 தடவை பக்கத்துல நின்னு கவனிச்சாங்க. பார்கோடு இல்லாத வார்டுகள்ல நேரத் தவறுகளை விட்டுட்டுப் பார்த்தா 11.5 சதவீதம் தப்பு. பார்கோடு வந்த வார்டுகள்ல 6.8 சதவீதம். பாதிப்பு வரக்கூடிய தப்புகள் 3.1-ல இருந்து 1.6 சதவீதமா, பாதியாக் குறைஞ்சது. சார்ட்ல பிரதி எடுக்கும்போது வர்ற தப்பு 6.1 சதவீதம் இருந்தது, சுத்தமாக் காணாமலே போச்சு. ஏன்னா கையால பிரதி எடுக்கிற வேலையே இல்லையே!

ஆனா பாருங்க, 6.8 இன்னும் பூஜ்யம் ஆகலை. ஏன்?

பிராக்ஸி அட்டென்டன்ஸ் மாதிரி!

மெஷினை ஏமாத்தறதுல நம்மளை விடக் கெட்டிக்காரங்க உண்டா? ஹாஸ்டல்ல பிராக்ஸி கொடுக்கிற மாதிரி, ஆஸ்பத்திரிகள்லயும் பிராக்ஸி 'பீப்' நடந்திருக்கு. ராஸ் கோப்பல்ங்கிற சமூகவியலாளர் குழுவோட அஞ்சு ஆஸ்பத்திரிகளைச் சுத்திப் பார்த்து 2008-ல ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி பட்டைக்கு இன்னொரு காப்பி பிரிண்ட் எடுத்து மருந்து வண்டியில, கதவு நிலையில எல்லாம் ஒட்டி வெச்சிருக்காங்க. கட்டில் பக்கமே போகாம எல்லாத்தையும் 'பீப்' பண்ணிடலாம்! இப்படி 15 வகையான குறுக்கு வழிகளைப் பட்டியல் போட்டார்.

'அய்யய்யோ, நர்ஸுங்க இவ்வளவு மோசமா?'ன்னு கோபப்படாதீங்க. கோப்பல் அதோட நிறுத்தலை. ஏன் இப்படிச் செய்யறாங்கன்னு தேடி 31 காரணம் கண்டுபிடிச்சார். பட்டை தண்ணி பட்டு நைஞ்சு போயிடுது. ஸ்கேனர் பேட்டரி பாதியில செத்துடுது. வயர்லெஸ் சிக்னல் அந்த மூலையில வராது. வண்டி ரூமுக்குள்ள நுழையாது. தூங்கற நோயாளியோட கை போர்வைக்குள்ள இருக்கு, எழுப்ப மனசில்லை. மருந்துல பார்கோடே இல்லை. சொல்லுங்க, இதுல நர்ஸோட தப்பு எத்தனை, டிசைன் பண்ணினவங்க தப்பு எத்தனை?

2017 டிசம்பர்ல நாஷ்வில் நகரத்து ஆஸ்பத்திரி ஒண்ணுல நடந்ததைக் கேளுங்க. ஸ்கேன் எடுக்கப் பயப்படற 75 வயசுப் பாட்டிக்குப் பதற்றம் குறைக்கிற மருந்து கொடுக்கணும். நர்ஸ் மருந்து அலமாரியோட கம்ப்யூட்டர்ல பேரோட முதல் ரெண்டு எழுத்தைத் தட்டறாங்க. அந்த மருந்து வேற பேர்ல பதிவாகி இருந்ததால வரலை. எச்சரிக்கையைத் தாண்டித் திறந்ததுல, அதே ரெண்டு எழுத்துல ஆரம்பிக்கிற வேற மருந்து வந்துடுச்சு. அது தசைகளையே செயலிழக்க வைக்கிற மருந்து! வார்டுல பார்கோடு வசதி இருந்தது. ஸ்கேன் எடுக்கிற பகுதியில ஸ்கேனர் இல்லை. அந்தப் பாட்டி மறுநாள் இறந்துட்டாங்க. 2022-ல கோர்ட் அந்த நர்ஸைக் குற்றவாளின்னு சொல்லி மூணு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்புல வெச்சது. 'எச்சரிக்கை எல்லாத்தையும் பார்க்காம விட்டாரே'ன்னு ஒரு பக்கம், 'தப்பை ஒத்துக்கிட்டா ஜெயில்னா இனிமே எவர் ஒத்துக்குவார்?'னு நர்ஸுகள் இன்னொரு பக்கம். இன்னிக்கு வரைக்கும் அந்த விவாதம் ஓயலை. தப்பை மறைக்கிற இடத்துல அதே தப்பு திரும்ப நடக்கும்ங்கிறது மட்டும் நிச்சயம்.

நம்ம ஊர் மாத்திரை அட்டையில...

அமெரிக்காவுல மருந்துகள் மேல பார்கோடு கட்டாயம்னு 2004-ல விதி கொண்டு வந்தாங்க. இந்தியாவுல 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து, அதிகமா விற்கிற 300 மருந்து பிராண்டுகள்ல பார்கோடு அல்லது கியூ.ஆர். கோடு கட்டாயம். வீட்டுல காய்ச்சல் மாத்திரை அட்டை இருந்தா எடுத்துப் பாருங்க. ஸ்கேன் பண்ணினா மருந்து பேர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் வரணும்.

ஆனா இதோட முக்கிய நோக்கம் போலி மருந்தைப் பிடிக்கிறது. கட்டில் பக்கத்து 'பீப்'புக்கு இது பத்தாது. நம்ம கடையில அட்டையைக் கத்தரிச்சு நாலு மாத்திரை மட்டும் கொடுக்கறாங்கன்னா, கோடு பாதி அட்டையோட போயிடும்! ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியாக் கோடு இருந்தாத்தான் வார்டுல வேலைக்கு ஆகும். சின்ன மருந்துக் குப்பியில நீளக் கோடு ஒட்ட இடமிருக்காது, அதனால சதுரக் கோடு வேணும். இப்போ எல்லா டீக்கடையிலயும் தொங்குற கியூ.ஆர். கோடுகூட 1994-ல ஜப்பான்ல கார் உதிரி பாகங்களுக்காகக் கண்டுபிடிச்சதுதான். கார் கம்பெனிக்காக வந்தது டீக்கடைக்கே வந்துடுச்சு. வார்டுக்கு வராதா என்ன?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெடியா?

கம்ப்யூட்டர் சயின்ஸ், பயோமெடிக்கல், பார்மசி, நர்சிங்... எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் இதுல உங்களுக்கு வேலை இருக்கு. தண்ணி பட்டாலும் நையாத கைப்பட்டை. பவர்கட்லயும் சிக்னல் இல்லாத மூலையிலயும் தாக்குப் பிடிக்கிற ஸ்கேனர் ஆப். தமிழ்ல எச்சரிக்கை சொல்ற திரை. லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தையே எத்தனை வருஷம் காப்பி அடிக்கிறது!

ஒரே ஒரு கண்டிஷன். கோடு எழுதறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஷிஃப்ட் முழுக்க ஒரு நர்ஸ் பின்னாடி நடந்து பாருங்க, அனுமதி வாங்கிக்கிட்டுத்தான்! அந்த 31 காரணத்துல பாதி, ஏ.சி. ரூம்ல உட்கார்ந்தா தெரியாது. பெஸ்ட் ஐடியா கொடுத்ததே ஒரு நர்ஸ்தானே?

மூளைக்கு வேலை: கடைசி எண் எதுக்கு?

பார்கோடு கீழே 13 எண் இருக்கும். இந்திய நிறுவனங்கள் பதிவு பண்ணினதுன்னா பெரும்பாலும் 890-ல ஆரம்பிக்கும். 13-வது எண் ஒரு காவல்காரன். உதாரணத்துக்கு 890123456789. ஒற்றைப்படை இடத்து எண்களைக் கூட்டுங்க: 8+0+2+4+6+8 = 28. இரட்டைப்படை இடத்து எண்களைக் கூட்டி மூணால பெருக்குங்க: 9+1+3+5+7+9 = 34, மூணு மடங்கு 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு பாக்கி? பூஜ்யம். அதனால கடைசி எண் 0.

ஏதாவது ஒரு எண் தப்பாப் படிச்சா இந்தக் கணக்கு கட்டாயம் இடிக்கும், 'பீப்' வராது. பக்கத்துப் பக்கத்து எண் ரெண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் மாட்டிக்கும். ஆனா அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் சரியா 5-ஆ இருந்தா, உதாரணமா 1-ம் 6-ம், காவல்காரன் ஏமாந்துடுவான்! ஏன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்.

இப்போ, ஸ்கேனர் இல்லாத இடத்துல?

தாத்தாவோ பாட்டியோ ஆஸ்பத்திரியில இருந்தா, துணைக்குப் படுக்கிற டியூட்டி பெரும்பாலும் காலேஜ் பசங்க தலையிலதான் விழும். செல்போன்ல கேம் ஆடற நேரத்துல இதையும் செய்யுங்க. தினமும் கொடுக்கிற மருந்துகளோட பேரையும் அளவையும் ஒரு நோட்டுல எழுதி வையுங்க. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு அட்மிட் ஆகும்போதே சொல்லிடுங்க. நர்ஸ் வந்ததும், 'சிஸ்டர், இது என்ன மருந்து? எங்க தாத்தா பேர் இதுதானே அதுல?'ன்னு மரியாதையாக் கேளுங்க. மாத்திரையோட கலரோ சைஸோ நேத்து மாதிரி இல்லைன்னா, விழுங்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நல்ல நர்ஸ் யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. அவங்களுக்குப் பின்னாடி நின்னு செக் பண்ண ஒரு ஆள் கிடைச்சா, அவங்களுக்கும் நிம்மதிதானே!

மெஷின் வர்ற வரைக்கும் அந்த 'பீப்' நீங்கதான்.